டிராம்போனில் 'போன்' இல்லை

ராயபுரம், காசிமேடு பக்கம் தேர்பவனியானாலும் கல்யாணமானாலும் சாவு ஊர்வலமானாலும் பேண்டு செட் உண்டு. அந்த வரிசையில் டிராம்போன் இருந்தால் தனியாகத் தெரியும். மற்றவர்கள் விரலால் வால்வையோ துளையையோ அழுத்திச் சுரம் மாற்ற, இவர் மட்டும் குழலையே முன்னே தள்ளிப் பின்னே இழுப்பார். ஏழு நிலைகள், குழல் நீள நீளச் சுரம் இறங்கும். முன்னால் நடப்பவரின் பிடரியில் இடிக்கும் என்பதால் ராணுவ பேண்டுகளில் இவர்களுக்கு முதல் வரிசை.

தமிழில் எழுதினால் சாக்ஸபோன், கிராமபோன், டிராம்போன் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. முதல் இரண்டின் வாலில் இருப்பது 'ஒலி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மூன்றாமவர் வேறு வீட்டுப் பிள்ளை. இத்தாலியில் 'துரோம்பா' என்றால் டிரம்பட். ஒரு சொல்லை 'ஒனே' என்று முடித்தால் அது பெரியது. ஆக, பெரிய டிரம்பட். அவ்வளவுதான்.

இந்த 'ஒனே' நம் தெருவுக்கு எப்போதோ வந்துவிட்டது. 'சாலா' கூடம், 'சலோனே' பெரிய கூடம். அது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புகுந்து புறப்பட்டு, தண்டையார்பேட்டையில் இரண்டு நாற்காலி போட்ட கடைக்குக்கூடச் சலூன் என்று பெயராயிற்று. பெரிய பந்து பலூன். பெரிய தாள் கார்ட்டூன். சுவரோவியத்துக்கு முன்வரைவு போட்ட தடித்த தாள் அது. கேலிச்சித்திரம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டு வரை இந்த வாத்தியத்தைச் 'சாக்பட்' என்றே அழைத்தார்கள். பழைய பிரெஞ்சில் இழுப்பதும் தள்ளுவதுமான இரு வினைகள் சேர்ந்த பெயர். செய்கிற வேலையைப் பார்த்து வைத்தது. எனக்கு இத்தாலியப் பெயரைவிட இதுதான் பிடிக்கும்.

அந்தப் பெயர் ஒரு வம்பிலும் மாட்டியது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் பொற்சிலைக்கு முன் சாக்பட் ஒலிக்கிறது. தானியேல் மூன்றாம் அதிகாரம். மூலத்தில் இருப்பதோ 'சபெக்கா' என்னும் அரமேயச் சொல். அது நரம்புக் கருவி. ஓசை ஒற்றுமையில் மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்கிவிட்டார்கள். வடசென்னை சி.எஸ்.ஐ. கோயில்களில் படிக்கும் தமிழ் வேதாகமத்தைப் புரட்டினால், அதே இடத்தில் வீணை இருக்கிறது. தமிழில் பெயர்த்தவர்கள் பாபிலோனில் நாகசுரமும் தம்புருவும் கேட்கவைத்தவர்கள்தான். ஆனாலும் நரம்புக்கு நரம்பையே வைத்தார்கள்.