படச்சுருளும் படத்தட்டும்

1905ஆம் ஆண்டில் டியூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் திருச்சிராப்பள்ளியில் நோயுற்றார். அவரிடமிருந்த படங்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார்.

அக்காலச் சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. ஓரத்துத் துளைகள் கிழிந்து சுருள் நின்றுவிட்டால், விளக்கின் வெப்பம் ஒரே இடத்தில் விழும், தீப்பற்றும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதனுள்ளேயே இருப்பதால் தண்ணீருக்கும் அணையாது! பழுதான படம் கருவியையும் கெடுக்கும் என்பது பழைய சங்கதிதான்.

ஒளித்தட்டில் நெருப்பில்லை; வேகம் உண்டு. 1982இல் வந்த இசைத்தட்டு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றுக்கு மேல் சுழலவில்லை. பின்னாளில் வந்த 52 மடங்கு வேகக் கணிப்பொறி இயக்கிகளிலோ ஏறத்தாழ 10,000 சுற்று. வேகம் 20 மடங்கானால், தட்டைப் பிய்க்கப் பார்க்கும் விசை 400 மடங்காகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நடுத்துளையருகே மயிரிழை விரிசல் போதும், தட்டு சிதறிவிடும்.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கணிப்பொறியில் இட்ட சினிமாத் தட்டு ஒன்று அப்படித்தான் வெடித்தது. சில்லுகளைப் பொறுக்கியெடுத்த பின் பார்த்தால், லேசர்க் கதிரைக் குவிக்கும் வில்லையில் ஆழமான கீறல். இயக்கி அதோடு சரி. இடுமுன் தட்டை விளக்கொளிக்கு நேரே பிடித்திருந்தால் துளையோரத்து விரிசல் கண்ணில் பட்டிருக்கும்.