வெயிலில் நிற்கும் தேவாலயம், வாழைத்தோப்பில் நிற்கும் பேய்

1819ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டன் மாத இதழ் ஒன்றில் 'தி வாம்பையர்' என்ற கதை வந்தது. எழுதியவர் ஜான் பாலிடோரி என்ற இளம் மருத்துவர். அதுவரை கிராமத்து இடுகாட்டில் அழுகிய உடம்போடு அலைந்த இரத்தக் காட்டேரியைப் பட்டு உடுத்த பிரபுவாக மாற்றி, விருந்து மண்டபத்துக்குள் அழைத்து வந்த கதை அது. அடுத்த மாதம் 11ஆம் தேதி, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், கல்கத்தா பேராயர் தாமஸ் மிடில்டன் புதிதாகக் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை அபிஷேகம் செய்துவைத்தார்.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பாலிடோரியின் பிரபுவுக்குப் பிறந்த வாரிசுகள் தேவாலயங்களை விட்டுவைக்கவில்லை. 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ' நாவலிலேயே கோட்டையும் தேவாலயமும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. 1897இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா லண்டன் அருகே வாங்கும் வீட்டில் பாழடைந்த பழைய சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. அதில்தான் அவன் தன் மண்பெட்டிகளை இறக்கிவைக்கிறான். 1983இல் வந்த 'ரேவன்லாஃப்ட்', 1991இல் வந்த 'வாம்பையர்: தி மாஸ்கரேட்' போன்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளும் இந்த மரபில் வந்தவையே. கறுப்புப் பளிங்குத் தரை, பொன் விளக்குத்தண்டு, சிவப்பு வெல்வெட் திரை, பீடத்துக்குக் கீழே சவப்பெட்டி என்று காட்டேரியின் செல்வச் செழிப்பான தேவாலயம் இன்று கோத்திக் விளையாட்டுகளின் நிரந்தர அரங்கமாகிவிட்டது.

தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிற ஊரில் அப்படி ஒரு அரங்கை அமைக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கு வேண்டிய சரக்கு ஐரோப்பாவிலிருந்து வர வேண்டியதில்லை. பினாங்கின் சொந்த வரலாற்றிலேயே அச்சமும் துயரமும் வேண்டிய அளவு கிடக்கின்றன. அவை யாரும் தேடிப் பார்க்காத இடத்தில் இருக்கின்றன.

முதலில் கட்டடத்தைப் பார்க்கலாம். ஃபார்க்குவார் சாலையில் பச்சைப் புல்வெளிக்கு நடுவே நிற்கும் செயின்ட் ஜார்ஜில் கோத்திக் அம்சம் என்று எதுவும் கிடையாது. முன்புறம் கிரேக்கக் கோயில் போலப் பருத்த டோரிக் தூண்கள், மேலே எண்கோணக் கூர்கோபுரம், சுற்றிலும் வெள்ளைச் சுவர், காற்று புகுந்து வெளியேற உயரமான சன்னல்கள். சென்னையில் கதீட்ரல் சாலையில் இருக்கும் 1815ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் முகம் பழகிய முகமாகவே தெரியும். முதலில் மேல்தளம் தட்டையாக இருந்தது. பினாங்கின் மழைக்கு அது தாக்குப்பிடிக்காததால் 1864இல் சாய்கூரை போட்டார்கள்.

இருட்டு வேண்டுமென்றால் ஊரின் அட்சரேகையும் ஒத்துழைக்காது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம்தான். டிராகுலாவின் ஊரில் கிடைக்கும் நீண்ட பனிக்கால இரவு இங்கே ஒரு நாள்கூட வாய்க்காது.

இந்த எளிமையான கட்டடத்தை வரைந்தவரின் பிற்கால வாழ்க்கை வேறு மாதிரி போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் ஓவியரும்கூட. அவர் தீட்டிய பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் 1821இல் அச்சுப் படங்களாக வெளியிட்டார். பிறகு டில்லிக்குப் போன ஸ்மித், நிலநடுக்கத்தில் சேதமான குதுப் மினாரைப் பழுதுபார்த்து, அதன் உச்சியில் தன் விருப்பப்படி ஒரு மண்டபத்தையும் வைத்தார். அது பொருந்தவில்லை என்று 1848இல் கழற்றி இறக்கிவிட்டார்கள். இன்றும் அது கீழே புல்தரையில் இருக்கிறது. முதுமையில் பிரான்ஸின் நீஸ் நகரக் கடலோரக் குன்றில், முகலாய பாணியும் ஐரோப்பியக் கோட்டையும் கலந்த இளஞ்சிவப்பு மாளிகை ஒன்றை எழுப்பினார். கோத்திக் விளையாட்டுக்காரர்கள் கனவு காணும் ஆடம்பரம் அந்த மாளிகையில் உண்டு. பினாங்கில் கம்பெனியின் பணத்தில் கட்டியபோது அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

தேவாலயம் வேண்டும் என்று முன்னின்று கேட்டவர் கம்பெனியின் குருவான ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை நிறுவியவரும் அவரே. கல் சுமந்து, செங்கல் அடுக்கி, சாந்து பூசியவர்களோ இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1790 வாக்கிலேயே கம்பெனி தன் கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. சதுப்பை நிரப்பியது, சாலை போட்டது, அரசுக் கட்டடங்களை எழுப்பியது என்று தீவின் தொடக்ககால உழைப்பில் பெரும்பங்கு அவர்களுடையது. தேவாலயத்துக்குள் பிரபுக்களுக்கும் தளபதிகளுக்கும் நினைவுக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்தச் சுவரை எழுப்பிய கைதிகள் பெயரில்லாமலே போய்விட்டார்கள்.

அந்தக் காலத்துப் பினாங்குக் கைதிகளில் ஒருவர் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. அது ஒரு தமிழ்ப் பெயர்.

சிவகங்கைச் சீமையில் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, அவர்கள் பக்கம் நின்ற எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அப்போது அவன் பதின்வயதுப் பையன். அந்தப் போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், போருக்கு முன்னால் சின்ன மருதுவின் நண்பர். வேல் எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1818இல் பினாங்குக்குப் போனபோது, தளர்ந்துபோன ஒரு மனிதர் அவர் முன்னால் வந்து நின்றார். யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. கேட்டதும் வந்த பதில், துரைசாமி. பதினாறே ஆண்டுகளில், தான் அன்போடு பார்த்த பையன் கிழவனைப் போல ஆகியிருந்ததைக் கண்டு வெல்ஷ் மனம் உடைந்ததை அவர் எழுத்தில் பார்க்கலாம்.

1818 என்பது செயின்ட் ஜார்ஜ் கட்டி முடிந்த ஆண்டு. துரைசாமி அந்தச் சுவருக்குக் கல் சுமந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர் அந்த ஊரில் இருந்தார், அவரைப் போன்றவர்களின் கைகள் அதைக் கட்டின என்பது வரை உறுதி. ஒரு மனிதனின் இளமையைப் பதினாறு ஆண்டுகளில் உறிஞ்சி எடுத்தது எது என்று ஒரு கோத்திக் கதை கேட்குமானால், இந்த ஊரில் அதற்குக் கற்பனைப் பிரபு யாரும் தேவைப்படாது.

ஆண்டவர்களையும் தீவு சும்மா விடவில்லை. தேவாலயத்திலிருந்து மேற்கே சிறிது தூரத்தில், முன்பு நார்தம் ரோடு என்ற சுல்தான் அகமது ஷா சாலையில், பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பினாங்கைக் கம்பெனிக்காகக் கைப்பற்றிய பிரான்சிஸ் லைட், குடியேறிய எட்டே ஆண்டுகளில், 1794இல் மலேரியாவுக்குப் பலியாகி இங்கே அடங்கினார். ஆளுநர் பிலிப் டண்டாஸ் 1807இல் வந்து சேர்ந்தார். ஆளுநர் வில்லியம் பெட்ரி 1816இல். ஆளுநர் ஜான் பானர்மேனின் கதை இன்னும் சோகம். 1818இல் செயின்ட் ஜார்ஜில் நடந்த முதல் திருமணம் அவருடைய மகள் ஜேனட்டுடையது. மறு ஆண்டு மே மாதம் பேராயர் வந்து ஆலயத்தை அபிஷேகம் செய்தார். ஆகஸ்ட் மாதம் காலரா பானர்மேனைக் கொண்டுபோய்விட்டது. ஆளுநர் பொறுப்பு மருமகன் பிலிப்ஸ் கைக்கு வந்தது. காலராவில் சாவு பல நேரம் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் நன்றாக இருந்தவர் இரவில் கண் குழிந்து, தோல் சுருங்கி, உடம்பின் நீரெல்லாம் வற்றிக் கிடப்பார்.

காய்ச்சலைச் சதுப்பின் கெட்ட காற்று கொண்டுவருகிறது என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்கான தடயத்தை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டில். டிராகுலா நாவல் லண்டனில் வெளியானது அதே ஆண்டு மே மாதம். இரவில் வந்து தூங்குகிறவரின் இரத்தத்தைக் குடித்து, நோயைக் கொடுத்துவிட்டுப் போகும் ஒன்று பினாங்கில் நூறாண்டுகளாக உண்மையிலேயே இருந்தது. கட்டிலுக்கு மேல் தொங்கிய கொசுவலைதான் அதைத் தடுத்த காப்பு.

இந்த மண்ணுக்கென்று இரத்தம் குடிக்கும் பேய்கள் உண்டு. அவற்றுக்கும் தேவாலயத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மலாய் நம்பிக்கையில் பிரசவத்தில் இறந்த பெண் லாங்சுயராக மாறுகிறாள். கணுக்கால் வரை கூந்தல், நீண்ட நகம், பின்கழுத்தில் ஓர் ஓட்டை. நகத்தை வெட்டி, கூந்தலையும் சேர்த்து அந்த ஓட்டையில் திணித்துவிட்டால் அவள் மறுபடி சாதாரணப் பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள். பொந்தியானாக்கும் இந்த இனம்தான். அது வாழை மரத்தடியில் நிற்கும் என்பார்கள். இறந்த பெண் பேயாக எழாமலிருக்க வாயில் கண்ணாடி மணிகளும், அக்குளில் கோழிமுட்டையும், உள்ளங்கையில் ஊசியும் வைத்துப் புதைத்த வழக்கத்தை வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மந்திரம் பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். பெனாங்கலான் என்பது இன்னொன்று. தலை மட்டும் குடலைத் தொங்கவிட்டபடி பறந்து வரும். பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றி முள்ளிலைகளைக் கட்டித் தொங்கவிட்டால், குடல் சிக்கிக்கொள்ளுமே என்று அஞ்சி அது நெருங்காது.

இவற்றை முதலில் விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் தமிழ் வழி வந்தவர். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோரில் தமிழரும் யேமன் அரபியரும் இருந்தார்கள். 1849இல் அச்சான தன் வரலாற்றில், மதப்பரப்பாளர் வில்லியம் மில்னுக்கு இந்தப் பேய்களைப் பற்றி விளக்கிச் சொன்னதை அவர் எழுதுகிறார். அவை மூடநம்பிக்கை என்பது அவருடைய திடமான கருத்து.

தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் வந்த தமிழருக்கு இந்தக் கதைகள் அந்நியமாகத் தோன்றியிருக்காது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் காட்டேரி பயம் ஊரிலேயே உண்டு. வித்தியாசம் என்னவென்றால், தமிழர்கள் காட்டேரியை விரட்டுவதோடு நிற்காமல் படையல் போட்டு, அம்மனாக்கிக் கும்பிட்டார்கள். அம்மைக்கும் காய்ச்சலுக்கும் மாரியம்மன் இருந்தாள். ஜார்ஜ் டவுனின் குயின் ஸ்திரீட்டில் 1801இல் கிடைத்த இடத்தில் எழும்பி, 1833இல் பெரிதாகக் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோவில், செயின்ட் ஜார்ஜிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. கோவிலுக்குப் பக்கத்திலேயே 1801ஆம் ஆண்டின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். மூன்று சமயத்தாரும் அஞ்சிய சாவு ஒன்றே. அதை எதிர்கொண்ட முறைதான் வெவ்வேறு.

வேடம் கட்டி ஆடுவதும் பினாங்குக்குப் புதிதல்ல. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, 1880களில் இங்கே பங்சாவான் என்ற மலாய் நாடக மேடை பிறந்தது. அரசன், தேவதை, பூதம் எல்லாம் அதில் வந்தன. அந்த மேடையின் நடிகர்களும் கதைகளும் பிறகு சிங்கப்பூரின் மலாய்ப் படங்களுக்குள் நுழைந்தபோது, அவற்றை இயக்கத் தமிழ்நாட்டு அனுபவத்தோடு ஆட்கள் வந்தார்கள். 'சாலிவாகனன்' உள்ளிட்ட தமிழ்ப் படங்களை இயக்கிய பி. என். ராவ், 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக 'பொந்தியானாக்' படத்தை எடுத்தார். மரியா மெனாடோ நாயகி. அழகில்லாத கூனி ஒருத்தி மந்திர மருந்தால் பேரழகி ஆகிறாள். இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி அவனைக் காப்பாற்றப் போய் இரத்தம் நாக்கில் படுகிறது. அவள் பேயாகிறாள். புராணப் படம் எடுத்துப் பழகிய கை, வரம், நிபந்தனை, சாபம் என்று கதையைக் கோத்த விதத்தில் தெரிகிறது. படம் பெரு வெற்றி. அதே ராவ் அடுத்த ஆண்டுக்குள் இன்னும் இரண்டு பொந்தியானாக் படங்களை எடுத்துவிட்டார். மலாய்த் திரையின் இரத்தக் காட்டேரி தேவாலயப் பீடத்துக்குப் பின்னாலிருந்து வரவில்லை. மனைவியின் அன்பிலிருந்து வந்தாள்.

ஜார்ஜ் டவுனை வைத்துக் கோத்திக் விளையாட்டு ஒன்றை எழுத நினைக்கும் இளைஞர்களுக்கு இதெல்லாம் எளிதில் கிடைக்கிற செல்வம். யுனெஸ்கோ 2008இல் உலக மரபிடமாக அறிவித்த நகரம் இது. செயின்ட் ஜார்ஜும் 2007 முதல் மலேசியாவின் தேசிய மரபுச் சின்னம். பளிங்கையும் வெல்வெட்டையும் வெளியே வைத்துவிட்டு, ஆண்டை 1819 என்று வைக்கலாம். மே மாதம் பேராயர் வருகிறார், ஆகஸ்டில் ஆளுநர் சாகப்போகிறார், இடையில் மூன்று மாதம். பகலில் வெள்ளைச் சுவரும் கைதிகளின் வேலையும். இரவில் கொசு, காய்ச்சல், வாழைத்தோப்பு. ஆட வருகிறவர்களில் ஒருத்தி பேறுகாலம் பார்க்கும் மலாய் மருத்துவச்சி, ஒருவர் மாரியம்மன் கோவில் பண்டாரம், ஒருவர் ஹட்சிங்ஸிடம் படிக்கும் மாணவன். நான்காவது பாத்திரம் துரைசாமி. காட்டேரியைக் கொல்வது அவருடைய இலக்காக இருக்காது. சிவகங்கைச் சீமையில் எஞ்சியிருக்கும் உறவினருக்கு எழுதிய ஒரு கடிதத்தைக் காவலர் கண்ணில் படாமல் ஏதாவது ஒரு கப்பலில் சேர்ப்பதுதான் அவர் ஆட்டம்.