ஊசி இல்லாத ஊசி ஈ

ஆரணி பட்டுச்சேலை கட்டுற உங்களுக்கு ஊசி ஈன்னு ஒண்ணு இருக்கிறதே தெரிஞ்சிருக்காது. மல்பெரி போட்டு பட்டுப்புழு வளர்க்கிற எங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். வீட்டு ஈயைவிடப் பெரிசு, முதுகுல நாலு கறுப்புக் கோடு.

பேரைப் பார்த்து, ஊசியால குத்துற ஈன்னுதான் நானும் நெனச்சேன். ஈ உள்ளே வராம நைலான் வலை கட்டினேன், வந்ததை அடிச்சேன். கூட்டை ஓட்டை போட்டுட்டு தரையில விழுந்து நெளிஞ்ச வெள்ளைப் புழுக்களை மட்டும் பெருக்கி மூலையில தள்ளிட்டேன். அடுத்த பேட்ச்ல பாதிக் கூடு ஓட்டை. ஓட்டை விழுந்த கூட்டுல நூல் நெடுக அறுந்து போயிருக்கும். அதை நூற்க முடியாது, கழிவு விலைதான்.

அப்புறம் ஒரு பயிற்சி வகுப்புலதான் விஷயம் தெரிஞ்சுது. இந்த "ஊசி" நம்ம தையல் ஊசியே இல்ல. ஜப்பானிய மொழியில "உஜி"ன்னா ஈயோட புழு. அழுகுன பொருள்ல நெளியுமே, அது. பட்டுப்புழுவைத் தின்னுற ஈயை அவங்க உஜியோட சேர்த்துக் கூப்பிட்டாங்க. ஆங்கிலத்துல அது "உஸி" ஆகி, நம்ம வாய்க்கு வந்ததும் ஊசி ஆயிடுச்சு. ஆக, ஊசி ஈன்னா புழு ஈ. அறிவியல் பேரு எக்ஸோரிஸ்டா பாம்பிசிஸ். அதுல பாம்பிசிஸ்ங்கிறது பட்டுப்புழுவைக் குறிக்குது.

இங்க உள்ள இனம் ஜப்பான்ல இருந்து வந்ததில்ல. பேரு மட்டும்தான் அங்கேருந்து வந்துச்சு. இது வங்காளத்து ஈ. 1980-ல மேற்கு வங்கத்து விதைக்கூடுகளோட கர்நாடகாவுக்குள்ள நுழைஞ்சுது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வர எத்தனை நாளாகும்? கூடு மூட்டையில புழு உள்ளே இருந்தா வெளியில யாருக்குத் தெரியும்!

ஈ எதையும் குத்துறதில்ல. பட்டுப்புழு தோல்மேல முட்டையை ஒட்ட வச்சுட்டுப் போயிடும். ரெண்டு மூணு நாள்ல முட்டை பொரிஞ்சு, குட்டிப்புழு தோலைத் துளைச்சு உள்ளே போகும். அந்த இடத்துல கறுப்புத் தழும்பு விழும். தின்னு கொழுத்து வெளியே வந்து, தரை விரிசல்ல கூட்டுப்புழுவா மாறும். பத்துப் பன்னிரண்டு நாள்ல அதுவே ஈயா கிளம்பும். நான் மூலையில தள்ளினது அடுத்த பேட்ச்சுக்கான விதையை.

பேருக்கு அர்த்தம் தெரிஞ்சிருந்தா தரையைத்தான் முதல்ல பார்த்திருப்பேன். இப்போ விரிசல் எல்லாத்தையும் சிமெண்ட் வச்சு அடைச்சாச்சு. கூடு பறிக்கிற அன்னிக்கு துடைப்பத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி, சோப்புத் தண்ணி வாளியோட உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போடுறோம்.