தண்டவாளங்கள் சென்ற வழி

நம் சிற்றூர்ப் பள்ளிகளில் பயின்ற எவரும் மறக்க இயலாத ஓர் ஒலி உண்டு. வேப்பமரக் கிளையிலோ தாழ்வாரத்து விட்டத்திலோ கட்டித் தொங்கவிடப்பட்ட ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிக்கும்போது எழும் ஒலியே அது. வெண்கல மணி வாங்க வசதியற்ற பள்ளிகளுக்கு அத்துண்டே மணியாயிற்று. அது எங்கிருந்து வந்தது, அதன்மேல் முன்பு என்ன ஓடிற்று என்று நாம் கேட்டதில்லை. கல்விக்காகக் கூடிய நாம், வெள்ளி விழா ஆண்டில் அக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது பொருத்தமாகும். தண்டவாளத்தின் வரலாறு அதனைத் தோளில் சுமந்தவர்களின் வரலாறுமாகும்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கிற்கு இருப்புப்பாதை காலந்தாழ்ந்தே வந்தது. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் புகைவண்டி வந்த பின்னர், இன்று கொடைக்கானல் ரோடு எனப்படும் அம்மையநாயக்கனூர் நிலையமே இப்பகுதிக்கு வாயிலாக விளங்கியது. 1895இல் நிறைவுற்ற பெரியாற்று அணைக்குரிய தளவாடங்களும் அங்கிருந்து மாட்டு வண்டிகளிலேயே கூடலூர் நோக்கிச் சென்றன.

இதற்கிடையே மலைமேல் ஒரு பாதை தோன்றி மறைந்தது. மூணாற்றுத் தேயிலையைக் கீழே கொணரும் பொருட்டு, தோட்ட முதலாளிகள் 1902இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தனர். வண்டியின் ஒருபுறச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மீதும், நிலை சாயாமல் காக்கும் பெரிய சக்கரம் சாலையின் மீதும் உருள, காளைகள் இழுத்துச் சென்றன. 1908இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் போடிக்கு அருகிலுள்ள கொட்டகுடிக்கு இறங்கின. 1924 சூலைத் திங்களின் பெருவெள்ளம் அச்சிறு பாதையைச் சிதைத்தது. மீண்டும் அது அமைக்கப்படவில்லை. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் கங்காணிகளால் திரட்டப்பட்ட நெல்லை, மதுரைச் சீமை மக்கள். அவர்களுள் நம்மவர் பெருந்தொகையினர். தேயிலை ஊர்தியில் இறங்கியது. அதனை விளைவித்தவர் கால்நடையாக ஏறினர்.

1928இல் மதுரை–போடிநாயக்கனூர்ப் பாதை திறக்கப்பட்டது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் செல்லும் அப்பாதையின் முதல் நோக்கம் ஏலக்காய், மிளகு, தேயிலை, பருத்தி ஆகியவற்றை ஏற்றிச் செல்வதே. எனினும் அது நம் மக்களுக்கு வேறொன்றையும் தந்தது. பொதுக் கிணறும் தெருவும் மறுக்கப்பட்ட நாளில், கட்டணம் செலுத்தியவன் அமரலாம் என்பது புகைவண்டியின் விதி. பயணச்சீட்டில் ஊரின் பெயர் இருந்தது. சாதியின் பெயர் இல்லை. முகஞ்சுளித்தவர் இருந்திருக்கலாம், ஆயினும் விதி பயணியின் பக்கமே நின்றது. அவ்வகையில் மூன்றாம் வகுப்புப் பலகை ஒரு சமத்துவப் பாடம்.

அந்தப் பாடம் பதினான்கு ஆண்டுகளில் நின்றது. இரண்டாம் உலகப் போரின் இரும்புத் தேவைக்காக 1942இல் போடிப் பாதை பெயர்க்கப்பட்டது. கெஜத்திற்கு 50 ராத்தல் எடையுள்ள தண்டவாளம் என்று கொண்டால், 90 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4,500 டன் இரும்பாகும். இந்தியாவெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட கிளைப்பாதைகள் அவ்வாறே அகற்றப்பட்டன. கேரளத்தின் நிலம்பூர்ப் பாதையும், நம் மாநிலத்தின் மொரப்பூர்–தருமபுரிப் பாதையும் அவற்றுள் அடங்கும். நிலம்பூர்ப் பாதை விடுதலைக்குப் பின் மீண்டது. தருமபுரி மக்களோ மீண்டும் ஓர் அடிக்கல்லைக் காண 2019 வரை காத்திருந்தனர். அயலார் போருக்காகத் தம் ஊர்ப் பாதையைத் தரலாமா என்று எந்த ஊராரையும் எவரும் கேட்கவில்லை.

அதே 1942 சூலையில்தான் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அவர் முயற்சியின் பயனாக, தொழிற்சாலைகளில் வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என்ற வரம்பு 1946இல் சட்டமாயிற்று. இரும்பை டன் கணக்கில் அளந்த அரசுக்கு, உழைப்பையும் அளந்து மதிக்க வேண்டும் என்று கற்பித்தவர் அவர்.

போடிப் பாதை 1954இல் மீண்டும் உயிர் பெற்றது. அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் மறுபடியும் மூடப்பட்டது. தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 சூன் மாதத்திலுமே வண்டி மீண்டது. ஆக இருமுறையும் போடி மக்கள் இழந்தது பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்து மேல்நிலைக் கல்வியை முடிக்கும் காலம் அது.

பெயர்த்தெடுத்த தண்டவாளம் என்னவாகிறது? அதன் தேய்மானத்தை முதலில் அளக்கின்றனர். தகுதியுள்ளவை பண்டக நிலையங்களின் பக்கப் பாதைகளில் மீண்டும் பதிக்கப்படுகின்றன. சில, வேலிக் கம்பங்களாகவும் கூரை தாங்கும் தூண்களாகவும் நிற்கின்றன. எஞ்சியவை துண்டாக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படுகின்றன. உலையில் உருகியோ, உருட்டாலைகளில் நீண்டோ கம்பிகளாகின்றன. உரிமையின்றி ஒரு துண்டை வைத்திருப்பதும் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கட்டடக் கம்பியில் கரியின் அளவு நூற்றுக்கு 0.3 பங்கைத் தாண்டுவதில்லை. தண்டவாள எஃகிலோ அது 0.6 முதல் 0.8 பங்கு வரை உண்டு. அதனாலேயே அது எளிதில் தேயாது. கொல்லர் அதனைப் பட்டறைக் கல்லாகக் கொள்வதும் இக்கடினத்தன்மையால்தான். பள்ளியின் மணியாக அடித்தால் அதன் ஒலி நெடுந்தொலைவு கேட்கும்.

இளைஞர்களே! இரும்பு அழிவதில்லை, வடிவமே மாறுகிறது. அதனைச் சுமந்தவரின் நினைவோ எழுதப்படாவிடில் அழிந்தே போகும். பாதையைத் திறந்து வைத்தவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. மண் வெட்டியவர், கட்டை சுமந்தவர், சல்லி இடித்தவர் ஆகியோரின் பெயர்களை எழுதுவார் இல்லை. உங்கள் ஊர் முதியோரிடம் கேட்டு அவற்றை எழுதி வையுங்கள். இரும்புப்பாதையைக் காணாத கம்பத்திற்கு அதனைக் கோருவதும் உங்கள் கடமையே. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகப் பாதை வேண்டும் என்பது இப்பள்ளத்தாக்கின் நெடுநாளைய கோரிக்கை. அதுவரை நம் தாய்மார் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறத்தான் வேண்டும்.

போருக்குச் சென்ற இரும்பு எந்தக் களத்தில் வீழ்ந்ததோ, நாம் அறியோம். பள்ளிக்கு வந்த இரும்பு நம்மை அழைத்தது. அந்த அழைப்பைக் கேட்டு வந்தவர்கள் நாம். இனி அழைக்க வேண்டியவர்களும் நாமே.