பாடும் கல்

நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் நான்கரை டன் எடையுள்ள தாமிரத் தாதுப் பாறைக்குப் ‘பாடும் கல்’ என்று பெயர். நீல அசுரைட்டும் பச்சை மாலகைட்டும் பின்னிக் கிடக்கும் இந்தப் பாறை, அரிசோனா மாநிலத்தின் பிஸ்பீ ஊரில், காப்பர் குவீன் சுரங்கத்தில் கிடைத்தது.

பிஸ்பீயைச் சுற்றியுள்ள மலைகளில் சுண்ணாம்புப் பாறை மிகுதி. மண்ணுக்கடியில் இருந்த தாமிர சல்பைடு, நீரும் காற்றும் பட்டுச் சிதைந்து, கரைந்து வழிந்து, அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து கார்பனேட்டாகப் படிந்தது. முதலில் நீலம், நீர் ஏறி, கரியமில வாயு கொஞ்சம் வெளியேறினால் அதே பொருள் பச்சையாகிவிடும். ஆகவே இந்தப் பாறையில் இரண்டு நிறமும் அடுத்தடுத்து இருப்பதில் வியப்பில்லை. நம் நாட்டு மருந்துக்கடை மயில்துத்தமும் தாமிரத்தின் நீலம்தான். ஆனால் அது தண்ணீரில் கரைந்துபோகும், அசுரைட் கரையாது. கரையாத இந்த நீலத்தைப் பொடித்துத்தான் இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் வண்ணமாக்கினார்கள். கொரகொரப்பாக அரைத்தால் அடர்நீலம் கிடைக்கும். நைசாக அரைக்க அரைக்க வெளிறும்.

சுரங்கக்காரர்களுக்கு இந்த அழகெல்லாம் இரண்டாம்பட்சம். தூய அசுரைட்டின் எடையில் 55 விழுக்காடு தாமிரம். அவர்கள் பார்த்தது அதைத்தான். 1877-இல் ராணுவச் சாரணர்கள் கண்டெடுத்த தாதுவை நம்பி எழுந்த ஊர் பிஸ்பீ. முதலீடு செய்த நீதிபதி ஒருவரின் பெயரை ஊருக்கு வைத்தார்கள், அவரோ கடைசிவரை அங்கே எட்டிப்பார்க்கவே இல்லை! 1885-இல் பெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனம் பக்கத்து உரிமங்களோடு காப்பர் குவீனை இணைத்துக்கொண்டபின் வேலை வேகம் பிடித்தது. அங்கிருந்து வெட்டியெடுத்த நீலக் கற்களில் பெரும்பகுதி உலைக்குப் போய்த் தாமிரமாக உருகியது. காட்சிக்கென்று தப்பியவை சொற்பம்.

அப்படித் தப்பிய பெரும்பாறைதான் இது. கொலம்பஸ் அமெரிக்கா சேர்ந்த 400-ஆம் ஆண்டை ஒட்டி 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் முதலில் வைக்கப்பட்டு, பின்னர் நியூயார்க் வந்தது.

பெயருக்குக் காரணம் ஈரப்பதம். காட்சிக்கு வைத்த புதிதில், காற்றின் ஈரம் ஏறியிறங்கும்போதெல்லாம் பாறையிலிருந்து கீச்சென்ற மெல்லிய ஒலிகள் எழுந்தன. ‘பாட்டு’ என்பது சற்றே தாராளமான சொல்தான், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிஸ்பீயின் நிலத்தடிச் சுரங்க வேலை 1975-இல் நின்றது. மறு ஆண்டே சுரங்கம் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. இன்றும் சிறு ரயிலில் ஏறி உள்ளே போய்வரலாம். நியூயார்க்கில், 2017-இல் மூடிப் புதுப்பிக்கப்பட்ட கனிமக் கூடம் 2021 ஜூனில் மீண்டும் திறந்தபோது, பாடும் கல்லும் அங்கே காட்சிக்கு வந்தது.