நன்னிலத்து மண்ணும் ஜிங்க் மூட்டையும்

நடவுக்கு முன்னாடி எங்க ஊர்ப்பக்கம் சீனி மாதிரி ஒரு வெள்ளை உப்பை மணலோடு கலந்து சேற்றில் வீசுவாங்க. ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட். "காவிரி வண்டல், ஊர்ப்பேரே நன்னிலம். இதுக்கு ஏன் இந்த மருந்து?" என்று சித்தப்பாவைக் கேட்டேன். "மண்ணு செத்துப்போச்சுடா" என்றார்.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. ஒரு குறுவையில் நாற்று நட்ட மூணாவது வாரம் இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி ஆனது. கடைக்காரர் பூஞ்சாண மருந்து கொடுத்தார். இரண்டு தடவை அடித்தும் காசு போனதுதான் மிச்சம்.

இதே குழப்பம் அறுபது வருஷத்துக்கு முன்பு, கடக ரேகைக்கு வடக்கே, இமயமலை அடிவாரத்தில் நடந்திருக்கிறது. இன்றைய உத்தராகண்டில் இருக்கும் பந்த்நகரில் 1960-இல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அந்தத் தராய் நிலத்து நெல்லில் இலை பழுப்பேறி பயிர் குன்றியது. ஊர்க்காரர்கள் அதைக் 'கைரா' என்றார்கள். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியின் நிறம் என்று அர்த்தம். பயிர்நோய் ஆய்வாளர் ஒய். எல். நேனே 1966-இல் இது கிருமியால் வருவதல்ல, துத்தநாகக் குறை என்று காட்டினார்.

அப்படியானால் மண்ணில் துத்தநாகமே இல்லையா? இருக்கிறது. பொதுவாக ஒரு கிலோ மண்ணில் 50 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். ஆனால் வேருக்கு எட்டும் பங்கு பல வயல்களில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

இதில் தண்ணீர்தான் விளையாடுகிறது. வயலில் நீர் நின்றால் சில நாளில் மண்ணுக்குள் பிராணவாயு தீர்ந்துவிடும். அப்போது துருவாக இருந்த இரும்பு கரைந்து நகரத் தொடங்கும். வரப்போரம் எண்ணெய் மாதிரி மினுங்கும் படலத்தைப் பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் இந்த இரும்புதான். துத்தநாகத்துக்கு நேர்மாறு. தேங்கிய நீரில் சேரும் பைகார்பனேட்டும் சல்பைடும் அதைக் கட்டிப்போட்டுவிடும். சுண்ணாம்புக் களி என்றால் இன்னும் மோசம். மணிச்சத்தும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஜிங்கை டிஏபியோடு கலக்காதே என்பது அதனால்தான்.

தஞ்சாவூர் ஜில்லாவில் 1960-இல் தீவிர வேளாண் திட்டம் வந்தது. பிறகு ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல்லும் உரமும் இரண்டாம் போகமும் வந்தன. அறுவடைதோறும் கொஞ்சம் துத்தநாகம் வெளியேற, நிலம் காய்ந்து காற்று வாங்கும் நாளும் குறைந்தது.

அந்தக் குறுவையில் கடைசியில் அரை சதவீத ஜிங்க் சல்பேட்டோடு ஒரு சதவீத யூரியா கலந்து இலையில் தெளித்தோம். புது இலை பச்சையாக வந்தது. "மண்ணு சாகல சித்தப்பா, பெட்டி பூட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

இப்போதெல்லாம் அவர் கடைக்குப் போவதற்கு முன்னாடி மண் பரிசோதனைச் சீட்டைத் தேடுகிறார்.