தானத்துக்கு மிருதங்கம்: காரைக்குடி பாணி பிறந்த கதை

வீணைக் கச்சேரியில் ராக ஆலாபனை முடிந்து தானம் தொடங்கினால், மிருதங்கக்காரர் பெரும்பாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தானத்துக்குத் தாளக் கட்டு கிடையாது. எண்ணிப் போட ஆவர்த்தனமே இல்லாத இடத்தில் அவருக்கு என்ன வேலை? காரைக்குடி சகோதரர்களின் மேடையிலோ, அந்த நேரத்தில்தான் மிருதங்கத்துக்குக் கடினமான வேலை காத்திருந்தது.

அண்ணன் சுப்பராம ஐயர், தம்பி சாம்பசிவ ஐயர். புதுக்கோட்டைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பம். தகப்பனார் சுப்பையரிடம்தான் பாடம். நகரத்தார் ஆதரவில் காரைக்குடிக்கு வந்து தங்கினார்கள். அந்த ஊரே அவர்கள் வாசிப்புக்குப் பெயராக நின்றுவிட்டது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பணம் செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் நாகசுரமாகவும் பாட்டுக் கச்சேரியாகவும் ஒலித்த காலம் அது. கலைஞனுக்குச் சோறும் சபையும் கொடுத்ததோடு, அவசரப்படாமல் கேட்கவும் ஆள் இருந்த ஊர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சுப்பராம ஐயர் வீணையைத் தம்புராவைப் போல நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். சாம்பசிவ ஐயர் வழக்கப்படி மடியில் கிடத்தி வாசிப்பார். பிடிக்கும் முறை வேறு, நாதம் ஒன்று. இரண்டு பேர் ஒரே பிரயோகத்தை மீட்டும்போது மீட்டு ஒரு மயிரிழை விலகினாலும் காதில் உறுத்தும். ஒலிபெருக்கி கிடையாது, விரலின் அழுத்தமும் தெளிவும்தான் கூடத்தின் கடைசி வரிசைவரை போக வேண்டும். அண்ணன் எந்த ஸ்வரத்தில் நிற்பார், எங்கே திரும்புவார் என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவர் தம்பி. அந்த மேடையின் முதல் பக்கவாத்தியம் சாம்பசிவ ஐயரின் வீணையே என்று நான் நினைக்கிறேன்.

அவர்களோடு மிருதங்கம் வாசித்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கிக் கொடுத்த மான்பூண்டியா பிள்ளையின் சீடர்; மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் மேதை. லய நுணுக்கத்துக்குப் பேர்போன புதுக்கோட்டையின் பிள்ளை, தாளமே இல்லாத தானத்துக்கு வாசித்தார் என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

தானத்தில் தாளம் இல்லையே தவிர நடை உண்டு. வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கு, பக்கத்தில் தாளத் தந்திகள் மூன்று. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே மீட்ட, சுண்டு விரல் தாளத் தந்திகளைத் தெறிக்கும். அனந்தம், ஆனந்தம் என்ற சொற்களின் ஓட்டத்தில் மீட்டுகள் மூன்றும் நான்கும் ஐந்துமாகக் கூடிப் பிரியும். அடுத்த கட்டு எவ்வளவு நீளும் என்பது வாசிப்பவருக்கே அந்த நொடியில்தான் தெரியும். சமம் வரும் என்று மிருதங்கக்காரர் கணக்குப் போட்டுக் காத்திருக்க முடியாது. தந்தி விழுகிற விதத்தைக் கேட்டு, அதே எடையில் தொப்பியில் ஒரு கும்கியோ வலந்தலையில் ஒரு சாப்போ வைக்க வேண்டும். கூடிப்போனால் வீணை மூழ்கிவிடும், குறைந்தால் வாசிப்பது வீண். இவ்வளவு அடக்கம் கேட்கும் வாசிப்பு கர்நாடக இசையில் வேறொன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இப்படிக் கேட்டு வாசிப்பது தனியாகக் கற்க வேண்டிய கலை. மேற்கத்திய இசைக் கல்லூரிகளில் பியானோவில் பட்டம் பெற்றவர்கள் சிலர், பக்கவாத்தியத்தையே மேற்படிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பாடகர் எங்கே மூச்சு எடுப்பார், எந்தச் சொல்லில் நிற்பார் என்பதெல்லாம் அங்கே பாடம். நம்மிடம் அந்தப் பாடம் குருவின் வீட்டில், கச்சேரி மேடையில் நடந்தது, பட்டம்தான் இல்லை.

அண்ணன் காலமான பிறகு பாணியைச் சுமந்தவர் சாம்பசிவ ஐயர். சின்னஞ்சிறு வயதில் அவர் வீட்டுக்கு வந்து குருகுலவாசம் இருந்த ரங்கநாயகி ராஜகோபாலன், மிருதங்கத்தோடு தானம் வாசிக்கும் வழக்கத்தை நம் காலம்வரை கொண்டுவந்தார். 1952இல் சாம்பசிவ ஐயருக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது. அதே ஆண்டில் சங்கீத கலாநிதி பட்டம். அந்த முதல் அகாதெமி விருதுகளில் இன்னொன்று பக்கத்து ஊரான அரியக்குடியின் ராமானுஜ ஐயங்காருக்கு. கடைசிக் காலத்தில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவில் சாம்பசிவ ஐயர் வீணை கற்பித்தார். 1958இல் மறைந்தார். சுப்பராம ஐயரின் பேத்தி ராஜேஸ்வரி பத்மநாபன் பின்னாளில் அங்கேயே ஆசிரியராக இருந்து பாணியை வளர்த்தார்.

வீணைக்கு ஒரு வகுப்பறை, மிருதங்கத்துக்கு இன்னொன்று என்று பிரித்துக் கற்பிப்பது இன்றைய வழக்கம். முதுகலை மாணவர்களையாவது வாரம் ஒரு நாள் எதிரெதிரே உட்காரவைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பல்லவி வேண்டாம், தனி ஆவர்த்தனம் வேண்டாம், தானம் மட்டும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து கன ராகங்களில் தொடங்கலாம். வீணைக்காரர்கள் தொன்றுதொட்டு அவற்றில் தானம் வாசித்துவருகிறார்கள்.